பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே கூரை

மலைநாட்டில் எங்கேயோ ஒரு லயம் எரிந்துபோச்சு என்று செய்தி வந்தால், வெள்ளவத்தையில் உடனே வாட்ஸ்அப் குரூப்புகள் முழிச்சிடும். காலி வீதிக் கடைகளில் வேலை செய்யிற நம்ம பொடியன்கள், கம்பஸ் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இரண்டே நாளில் அரிசி, பருப்பு, உடுப்பு, கொப்பி என்று ஒரு லொறி நிரப்பிடுவோம். நல்ல விஷயம்தான். ஆனா லொறி திரும்பின பிறகு அங்கே என்ன நடக்குது?

நான் ஓ.எல். எழுதின வருஷம் பெரியம்மா இருந்த லயம் எரிந்தது. எல்லாரும் கொழுந்துக்குப் போயிருந்த நேரம் என்பதால் உயிர்கள் தப்பின. ஒரு காம்பராவில் பிடித்த தீ பன்னிரண்டு காம்பராவையும் முடித்துவிட்டது. லயத்தின் அமைப்பே அப்படி. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, நீளத்துக்கு ஒரே கூரை. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது, அதனால் தீ உள்ளுக்குள்ளாலேயே அடுத்த வீட்டுக்குப் போயிடும். பழைய வயர், அடுப்புக்கு மேலே காயப்போட்ட விறகு இதெல்லாம் வேற.

எல்லப் பக்கம் காட்டுத்தீ என்றால் சில நேரம் விமானப்படை ஹெலிகொப்டரே வந்து தண்ணி ஊத்தும். லயத்துக்கு முதலில் வருவது பக்கத்து லயத்து ஆட்களும் வாளிகளும்தான். இங்கே தீயணைப்பு என்பது உள்ளூராட்சி சபைகளின் வேலை. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் வேலை செய்யத் தடையாக இருந்தது. அதை 2018இல்தான் திருத்தினார்கள்.

எரிந்த பிறகு பெரியம்மா அழுதது பீரோவுக்காக இல்லை, அதுக்குள்ள இருந்த கடதாசிகளுக்காக. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி எல்லாம் போச்சு. அடையாள அட்டை திரும்ப எடுக்க பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று அலையணும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒருநாள் பேர் போகும், சம்பளமும் போகும்.

அதனால், அடுத்த முறை லொறியோட நாலு பேர் போய் ஒரு கிழமை தங்கி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். ஆனா எரியிற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் லயத்தில் எல்லாருடைய கடதாசிகளையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அசலை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வாசல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வரட்சிக் காலம் தொடங்க முன்னமே லயத்துக்குப் பின்னால் இருக்கிற மானாப்புல்லை வெட்டி, மண் தெரியச் செதுக்கிவிடலாம். அடுப்புக்கு மேலே இருக்கிற விறகை இறக்கலாம்.

நடுச்சுவரைக் கூரை வரை உயர்த்துவதுதான் பெரிய பாதுகாப்பு. ஆனால் காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. மூணு தலைமுறை இருந்த வீட்டில் ஒரு கல் வைக்கவும் துரையிடம் கேட்கணும். 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் சிலருக்குக் கிடைத்தன. பெரியம்மா இன்னும் தற்காலிகத் தகரக் கொட்டிலில்தான். அங்கேயும் பன்னிரண்டு குடும்பத்துக்கும் கூரை ஒன்றுதான். உடுப்புக்குக் காசு சேர்க்கிற நாங்கள், உறுதிப்பத்திரத்தோடு தனி வீடு எப்போ என்று அதே குரூப்பில் கேட்கத் தொடங்கணும்.