மொட்டை மாடியில் பாசி வளர்த்த கதை

பிளஸ் ஒன் படிக்கும் என் பேரன் போன வாரம் என் அறைக்கு வந்து நின்றான். "அப்புச்சி, ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. பாசியிலிருந்து டீசல் எடுக்கறதுன்னு தலைப்பு எடுத்திருக்கேன். அப்பா உங்ககிட்டக் கேக்கச் சொன்னாருங்க" என்றான்.

இந்தப் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்பார்கள். புதுச்சேரிக்காரனான எனக்கு அந்த வார்த்தை காதில் பழக ஒரு வருடம் பிடித்தது. ஆனால் அன்று என்னை நிமிர வைத்தது "அப்பா கேக்கச் சொன்னார்" என்பதுதான். பாசி என்ற சொல்லை எங்கள் வீட்டில் பதினான்கு வருடமாக யாரும் எடுத்ததில்லை. காரணம் நான். அதை இன்று எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து 2010-இல் ஓய்வு பெற்றேன். ஒரே மகளைத் திருப்பூரில் கொடுத்திருந்தோம். அந்த மார்கழியில் நானும் மனைவியும் இங்கேயே வந்துவிட்டோம். மாப்பிள்ளை ஒரு சிறிய சாயப்பட்டறை வைத்திருந்தார். பனியன் துணிக்கு ஜாப் ஒர்க்கில் சாயம் ஏற்றிக் கொடுப்பது தொழில். நாங்கள் வந்து பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. எங்களுடையதும் நின்றது.

மாப்பிள்ளை பக்கம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. நொய்யல் என்ன நிறத்தில் ஓடியது என்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதும் தெரியும். அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் பல வருடம் கோர்ட்டுக்கு நடந்து வாங்கிய தீர்ப்பு அது. சொட்டுக் கழிவுகூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை 2006-லேயே வந்துவிட்டது. அதை நிறைவேற்றாமல் இழுத்தடித்ததன் பலன் 2011-இல் வந்தது.

அந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில் பெரிய செலவு எரிசக்திதான். சாயத் தண்ணீரை ஆர்.ஓ. சவ்வில் அழுத்தினால் பெரும் பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பி வரும். மிச்சம் இருக்கும் கடும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சித்தான் ஆவியாக்க வேண்டும். அதற்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. ஒவ்வொரு லிட்டருக்கும் காசு எரிகிறது.

இந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். கையில் ஒரு கண்ணாடி பாட்டில், அதில் பச்சைத் தண்ணீர். "சார், இது நுண்பாசி. உங்க கழிவுத் தண்ணியே இதுக்குச் சாப்பாடு. பாய்லர் புகையில வர்ற கரியமில வாயுவை இதுக்குக் குடுங்க. ஒரே நாள்ல ரெட்டிப்பாகும். பிழிஞ்சா எண்ணெய். எண்ணெயில டீசல். தண்ணியும் சுத்தம், எரிபொருளும் இலவசம்" என்றார். முதற்கட்டமாக எட்டு லட்சம் கட்டினால் குளம் அமைத்துத் தருவாராம்.

மாப்பிள்ளை இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ரிட்டயர்மென்ட் பணத்துல எட்டு லட்சம் குடுத்தீங்கன்னா, மறுபடி பட்டறையைத் திறந்து திருப்பிக் குடுத்திடறேனுங்க" என்றார். பூட்டிய பட்டறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காலை முதல் இரவு வரை ஊர் சுற்றும் மனிதர். மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முதல்ல நாமே வளர்த்துப் பார்ப்போம் மாப்பிள்ளை" என்றேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் விஞ்ஞான வாத்தியாரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு லவுவாசியே என்றால் உயிர். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் லவாய்சியர் என்று போட்டிருப்பார்கள். எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார், உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் வழி. அந்த லவுவாசியே பிழைப்புக்கு வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர், புரட்சிக் காலத்தில் 1794-இல் கில்லட்டினில் தலையைக் கொடுத்தவர் என்று முசே சொல்லும்போது வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கும். பிற்பாடு நானும் கணக்குப் பிரிவில் போய் விழுந்தேன். வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதாமல் எனக்கு எதுவும் புரியாது.

பட்டறையில் கெமிக்கல் வந்த நீல டிரம்கள் சும்மா கிடந்தன. ஐந்தை நன்றாகக் கழுவி, நீளவாக்கில் அறுத்துப் பத்துத் தொட்டிகளாக்கி மொட்டை மாடியில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் 80 லிட்டர் கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் யூரியா, கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், அந்த பாட்டில்காரர் கொடுத்த பச்சைத் தண்ணீர். கலங்கிக்கொண்டே இருக்க மீன் தொட்டிக்குப் போடும் 5 வாட் மோட்டார் இரண்டு. கரண்ட் போனால் நானும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் குச்சியால் கலக்கினோம்.

பாசி வளர்ந்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஐந்தாம் நாள் இளம்பச்சை, பத்தாம் நாள் கீரை மசியல். மாப்பிள்ளை முகத்தில் பல வாரம் கழித்து ஒரு வெளிச்சம் தெரிந்தது.

பதினான்காம் நாள் அறுவடை. வேட்டித் துணியில் வடிகட்டினோம். பச்சை துணியைத் தாண்டி ஓடிவிட்டது. ஒவ்வொரு பாசியும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல். துணி அதைப் பிடிக்காது. படிகாரம் கலந்து ஒரு இரவு வைத்தோம். அடியில் சேறு மாதிரி படிந்தது. மேல் தண்ணீரை வடித்து, சேற்றைத் தாம்பாளத்தில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காய வைத்துச் சமையலறைத் தராசில் போட்டேன். 280 கிராம். 800 லிட்டர் தண்ணீருக்கு 280 கிராம். அதிலும் படிகாரம் எவ்வளவோ.

அன்று இரவு கணக்கு எழுதினேன். முழுவதும் பாசி என்றே வைத்துக்கொண்டு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 56 கிராம். எரித்தால் வரும் வெப்பம் மின்சாரக் கணக்கில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இது வரவு. இரண்டு மோட்டார், பதினான்கு நாள். மின்வெட்டைக் கழித்தாலும் 3 யூனிட். இது செலவு. உரம், படிகாரம், எண்ணெய் பிரிக்கும் செலவு எதையும் நான் சேர்க்கவில்லை. வெயிலுக்கும் காசு போடவில்லை.

அடுத்த முறை இரண்டு தொட்டியில் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த சாயத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். கருநீலத் தண்ணீருக்குள் வெளிச்சம் எப்படிப் போகும்? உப்பு வேறு. ஒரு வாரத்தில் பாசி வெளுத்துவிட்டது.

பணம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை ஏறக்குறைய ஒரு வருடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு நிறையப் படித்தேன். எங்கள் மாடியில் நடந்ததுதான் பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க அரசு 1978-இல் பாசி எரிபொருள் ஆராய்ச்சியைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான பாசி வகைகளைச் சேகரித்து, கச்சா எண்ணெயோடு விலையில் போட்டி போட முடியாமல் 1996-இல் மூடியது. எக்ஸான்மொபில் 2009-இல் 60 கோடி டாலர் வரை செலவழிப்பதாக அறிவித்து இறங்கி, 2023-இல் விலகிக்கொண்டது. இதில் இயற்கையின் ஒரு குறும்பும் இருக்கிறது. தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால்தான் பல வகைப் பாசிகளில் எண்ணெய் கூடும். பட்டினி போட்டால் வளர்ச்சி நின்றுவிடும். எண்ணெய் வேண்டுமா, விளைச்சல் வேண்டுமா என்று அது நம்மையே கேட்கிறது.

அதற்காகப் பாசியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1960-களில் மெக்சிகோவில் டெக்ஸ்கோக்கோ ஏரியில் சோடா உப்பு எடுத்த கம்பெனியின் குட்டைகளில் பாசி மண்டியபோது, அதை ஆராயப் போனது பிரெஞ்சு பெட்ரோலிய நிறுவனம். எண்ணெய்க்காரர்கள் கடைசியில் கண்டது உணவு. அதுதான் ஸ்பைருலினா. இன்று நம் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் அதை வளர்க்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆரோவில்லிலும் வளர்க்கிறார்கள். அது சுருள் சுருளாக நீண்டிருப்பதால் துணியில் நிற்கும். எரித்தால் கிடைக்கும் காசைப்போலப் பல மடங்கு விலைக்கு உணவாக விற்கும்.

கழிவுநீர் வேலையிலும் பாசி தோற்கவில்லை. ராணிப்பேட்டையில் கடற்பாசியிலிருந்து அல்ஜினேட் எடுக்கும் ஆலையின் அமிலக் கழிவைச் சீர்செய்ய, பாசியியலாளர் சிவசுப்பிரமணியன் குழுவினர் 2006-இல் பாசிக் குளம் அமைத்தார்கள். அங்கே யாரும் டீசலை எதிர்பார்க்கவில்லை. தண்ணீரைத் திருத்துவதே அதற்குக் கூலி. கழிவுக்குத் தகுந்த பாசியைத் தேடி எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தவர் ஒரே பாட்டிலை எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு வருடத்தில் அவருடைய ஆபீஸ் பூட்டப்பட்டது என்று கேள்வி. இங்கே அவரிடம் பணம் கட்டிய ஒருவர் வீட்டை விற்றார்.

மாப்பிள்ளை பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பங்கு சேர்ந்தார். அதற்கு நான் பணம் கொடுத்தேன். பட்டறை ஓடுகிறது. ஆனாலும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்குத் தாளை மறுநாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், அவருடைய அண்ணனும் உட்கார்ந்திருக்க, இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அரை யூனிட், மூன்று யூனிட் என்று ஆபீசில் ஆட்சேபனை எழுதுவதுபோல வாசித்தும் காட்டினேன். கணக்கு சரிதான். தொழில் போய் நின்ற மனிதருக்கு அது தராசில் ஏறின கடைசி நம்பிக்கை என்பதை நான் நிறுத்துப் பார்க்கவில்லை. தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனை மாடிக்கு அழைத்துப் போனேன். மிஞ்சிய ஒரே ஒரு அரை டிரம்மில் இப்போது மகள் அசோலா வளர்க்கிறாள், பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கு. அதன் இலைக்குள்ளும் நீலப்பச்சைப் பாசி ஒன்று குடியிருந்து தழைச்சத்தைச் சேர்க்கிறது என்று சொன்னேன். பத்துத் தொட்டி இருந்த இடத்தில் இன்று ஒரு கிலோவாட் சோலார் பலகை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் வருகிறது. "அப்ப பாசிய விட இதுதானுங்களா அப்புச்சி?" என்றான். "மின்சாரத்துக்கு இது. தண்ணிக்கும் தீனிக்கும் அது" என்றேன்.

மாப்பிள்ளையும் மேலே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் அசோலாவையே பார்த்துக்கொண்டிருந்தவர், "மாமா, அந்தக் கணக்குத் தாள் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

2011 டைரியில் மடித்து வைத்திருந்தேன். எடுத்துவந்து கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார். ஓரத்தில் விரலை வைத்து, "ராத்திரி முழுக்க நின்னு கலக்குனமே, அந்தக் கூலிய நீங்க எழுதவே இல்லீங்களே" என்றார். பிறகு மகனிடம் நீட்டி, "இதையே ப்ராஜெக்ட்ல ஒட்டுடா. கூலியையும் சேர்த்து எழுதிக்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வயதுக்காரர்களின் கையில் நாலு காசு இருப்பது எல்லோருக்கும் தெரியும். பச்சை பாட்டிலோ வேறு நிற பாட்டிலோ, யாராவது கொண்டுவந்து காட்டினால் எவ்வளவு வளரும் என்று கேட்காதீர்கள். அறுவடை செய்ய என்ன செலவாகும் என்று கேளுங்கள். பதிலை வீட்டில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கள்.