அர்த் சத்யா: ஓம் பூரியின் கைகள்

இந்தித் திரையில் கோபம் கொண்ட காவல் அதிகாரி 1973இல் ‘சஞ்சீர்’ வழியாகவே வந்துவிட்டார். அமிதாப் பச்சனின் கோபம் அநீதியை நோக்கி நேராகப் பாய்வது. பார்வையாளருக்கு அதில் ஒரு விடுதலை உண்டு. பத்தாண்டு கழித்து, கோவிந்த் நிஹலானியின் ‘அர்த் சத்யா’வில் ஓம் பூரி அதே காக்கியை அணிந்தபோது அந்த விடுதலை எளிதில் கிட்டவில்லை. இதனை ‘சஞ்சீ’ரின் யதார்த்த வடிவம் என்று சொல்லிக் கடந்துவிடலாம், ஆனால் அது போதாது.

பம்பாய்க் காவல் துறையின் உதவி ஆய்வாளர் அனந்த் வேலங்கர் மேற்படிப்பை விரும்பியவர். காவலராக இருந்த தந்தையின் வற்புறுத்தலால் பணியில் சேர்ந்தவர். தாயை அடிக்கும் தந்தையைப் பார்த்து வளர்ந்த அச்சம் முதலில் தெரிவது வசனத்தில் அன்று, உடலில். ஓம் பூரியின் நடையில் விறைப்பு இருக்கிறது, கம்பீரம் இல்லை. தாடை இறுகுகிறது, சொல் தொண்டையில் நிற்கிறது. ‘அங்கூர்’, ‘நிஷாந்த்’ முதலிய பெனகல் படங்களின் ஒளிப்பதிவாளரான நிஹலானியே இப்படத்துக்கும் ஒளிப்பதிவாளர். அம்மைத் தழும்பேறிய அந்த முகத்தை அவர் அழகுபடுத்த முனையவில்லை. அண்மைக்காட்சிகளில் அது ஒரு நாயகனின் முகமாக அன்றி, உறங்காத மனிதனின் முகமாகவே நிற்கிறது.

எதிரே சதாசிவ் அம்ராபுர்கரின் ராமா ஷெட்டி. குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லாதவன். கைது செய்யச் சென்ற வேலங்கர் ஒரு தொலைபேசி அழைப்பால் வெறுங்கையோடு திரும்பும் காட்சியில், அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பது இருவரின் உடல்நிலையிலேயே விளங்கிவிடுகிறது. (வில்லன் நடிப்பைப் பற்றிப் பேசுவோர் அம்ராபுர்கரின் இந்த அமைதியை இன்னும் கூடுதலாகப் பேசியிருக்க வேண்டும்.)

படத்தின் உண்மையான மையம், லாக்கப்பில் ஒரு சில்லறைத் திருடன் அடிபட்டுச் சாகும் காட்சி. குடிபோதையில் வேலங்கர் அவனை அடிக்கிறார். ராமா ஷெட்டியைத் தொட முடியாத கைகள், திருப்பி அடிக்க இயலாத ஓர் ஏழையின் மீது விழுகின்றன. ஓம் பூரி இங்கே பார்வையாளரின் இரக்கத்தைக் கோருவதில்லை. தந்தையின் கை மகனிடம் வந்து சேர்ந்துவிட்டது என்பதை அவர் நடிப்பு மறைக்கவும் இல்லை.

இறுதியில் அதே கைகள் ராமா ஷெட்டியின் கழுத்தை நெரிக்கின்றன. திரையரங்கில் கைதட்டல் எழக்கூடிய இடம்தான் அது. ஆனால் லாக்கப்பில் இறந்தவனை நினைவில் வைத்திருப்பவரால் அத்தனை எளிதாகக் கைதட்ட இயலாது. பின்னர் வேலங்கர் தம் காவல் நிலையத்துக்கே வந்து, கொலையைத் தாமே அறிவிக்கிறார். ஓம் பூரியின் குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. விஜய் டெண்டுல்கரின் திரைக்கதை விசாரணைக்கோ தீர்ப்புக்கோ செல்லவில்லை. படம் அந்த முகத்தோடு முடிந்துவிடுகிறது.