கருங்காலிக் கோல்

கோல் என்றவுடன் செங்கோலும், எழுதுகோலும், துலாக்கோலும் நம்மவர் நினைவுக்கு வரும். நாம் இங்கு எழுதப் புகுந்தது வேறொரு கோலைப் பற்றி. பச்சைக் கம்பளி விரித்த மேசையின்மேல் பந்தை உந்தும் பில்லியர்ட்ஸ் கோலே அது. தோட்டத்துக் கிராணிக்கு இவ்வாராய்ச்சி எதற்கென்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு.

நம் தந்தையார் இளமையில் துரைமார் கிளப்பில் ஆட்ட எண்ணிக்கை குறிக்கும் வேலை பார்த்தவர். கோல்களைத் துடைப்பதும், நுனித்தோலைச் செப்பனிடுவதும், வளைந்தவற்றைப் பொறுக்கி விலக்குவதும் அவர் கடமை. ஆடுவது மட்டும் அவருக்கு விலக்கு. நாம் ஆங்கிலங் கற்றுக் கிராணியானது அவர் உழைப்பின் பயனேயாம்.

இதில் ஒரு விந்தையைக் காண்க. ஸ்னூக்கர் ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே பிறந்தது. அதன் விதிகள் 1882-இல் நம் நீலகிரியிலே, உதகமண்டலம் கிளப்பில் எழுதி மாட்டப்பெற்றன. கோலின் அடிப்பாகத்திற்கு உயர்ந்ததெனப் போற்றப்படும் கருங்காலியோ இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்வது. மரம் நம் காட்டுடையது. விதி நம் மலையில் எழுந்தது. ஆடும் உரிமை மட்டும் நமக்கு இருக்கவில்லை.

சென்ற தீபாவளிக்கு முன், ஜொகூர் பாலத்தைக் கடந்து தந்தையாருடன் சிங்கப்பூர் சென்றோம். தேக்கா சந்தையில் சாமான்கள் வாங்கிய பின்பு, நகரில் கோல் செய்து விற்கும் கடையொன்றுக்கு அவரை அழைத்துப் போனோம். நம் அளவுக்கு ஒரு கோல் செய்விக்க ஈராண்டாகப் பணம் சேர்த்திருந்தோம்.

கடைக்காரச் சீனப் பெரியவர் மூன்று கோல்களை எடுத்து வைத்தார். முதலாவது ஆஷ் மரம். அதன் வரிகள் அம்புமுனைபோல் ஓடிக் கண்ணுக்குக் குறி காட்டின. இரண்டாவது மேப்பிள், வரி தெரியாத வழுவழுப்பு, விரலிடையே எண்ணெய்போல் நழுவியது. மூன்றாவது பூல் ஆட்டத்திற்குரியது. அதன் பந்து பெரிதாதலால் கோலின் நுனியும் 13 மில்லிமீட்டர் பருமன். ஸ்னூக்கர் கோலுக்கோ 10-க்கு மேல் வேண்டுவதில்லை. முத்துச்சிப்பி பதித்த மேப்பிள் கோல் நம் மனத்தைக் கவர்ந்தது. விலை நம் இரண்டு மாதச் சம்பளம்!

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொன்றையும் மேசைமேல் உருட்டினார். வளைந்த கோல் நுனியில் துள்ளிக் காட்டிக் கொடுத்துவிடும். அடியைத் தரையில் மெல்லத் தட்டிச் செவி கொடுத்தார். பின்னர் அடியிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் ஒற்றை விரலை வைத்துத் துலாக்கோல்போல் நிறுத்தினார். முடிவில் பூவேலை எதுவுமில்லாத, கருங்காலி அடி வைத்த ஆஷ் கோலை நம்மிடம் நீட்டி, “அது கண்ணுக்கு, தம்பி. இது கைக்கு” என்றார்.

ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹென்றியின் கோல் நாற்பது பவுன் பெறுமான மலிவுக் கோல்தான். 2003-இல் விமானப் பயணத்தில் அது முறிந்தபோது அவர் பட்ட துயரம் பெரிது. கைக்குப் பழகியதே விலைமிக்கது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

“நீங்களே ஆடிப் பாருங்கள், அப்பா” என்றோம். அவர் கோலைப் பற்றிக் குனிந்தார். குனிந்தவர் சட்டென நிமிர்ந்து வாயிற்படியைப் பார்த்தார். எந்தத் துரை வந்து தடுப்பாரென்று பார்த்தாரோ, நாம் அறியோம். எழுபது வயதிலும் அந்தப் பார்வை போகவில்லையே என்று நெஞ்சு பதைத்தது. கடைக்காரர் புன்னகையுடன் சுண்ணக்கட்டியை நீட்டினார். தந்தையார் அடித்தார். பந்து குழியின் விளிம்புவரை சென்று நின்றுவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து நாம் கண்டதில்லை.

ஆஷ் கோலையே வாங்கினோம், நம் அளவுக்கன்று, அவர் அளவுக்கு.

நல்ல கோல் எதுவென்று கேட்கும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நேராக உருள்வதை, கையில் நிறை ஒத்து நிற்பதை வாங்குங்கள்; மின்னுவதை விட்டுவிடுங்கள். அதனைத் துடைத்து வைப்பவன் எவனோ, அவனையும் ஒரு முறை ஆட அழையுங்கள்.