பெருக்கமரம் பார்க்கப் போனோம்

கனடாவிலிருக்கும் மச்சான் சென்ற வருட விடுமுறையில் சில படங்கள் அனுப்பியிருந்தார். பஸ் போல நீண்டதொரு வாகனம். உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டாம். குடும்பத்தோடு அதில் கலிபோர்னியா வரை ஓடி, செக்கோயா தேசியப் பூங்காவில் தங்கி, ஜெனரல் ஷெர்மன் என்ற மரத்தைப் பார்த்திருக்கிறார்கள். 1890இல் ஆரம்பித்த பூங்கா அது. மரம் ஏறத்தாழ 84 மீற்றர் உயரம், அடிச்சுற்று 31 மீற்றர். 2021இல் காட்டுத்தீ நெருங்கியபோது அதன் அடிமரத்தை அலுமினியப் போர்வையால் சுற்றிக் காத்தார்கள். பாலையும் முதிரையும் லொறி லொறியாகப் போவதைக் கண்டு வளர்ந்த வன்னிக்காரனுக்கு இது புதினம்தான்.

"நாங்களும் போவம் வாப்பா" என்றாள் இளையவள். ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டக்கூடியது மன்னார். பழைய டொல்பின் வேனொன்றைப் பேசி, பாய், தலையணை, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிசிப் பை எல்லாம் ஏற்றினோம். வாப்பாவும் வருவேன் என்றார். மாங்குளம், துணுக்காய், வெள்ளாங்குளம் என்று போய் ஏ32 வீதியில் ஏறினோம். இடையில் ஒரு குளக்கட்டில் சோறாக்கினோம். சோறு குழைந்துவிட்டது, பிள்ளைகள் அதையும் புகழ்ந்து தின்றார்கள்.

வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் மரம் நடுவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் குடிசை வளவில் மிளகாய், கத்தரி போட்டார். ஒரு தென்னம்பிள்ளை வைக்கவில்லை. "அடுத்த பெருநாளுக்கு ஊர்ல இருப்பம், தென்னைய வச்சி என்ன செய்ற?" என்பார். இருபது பெருநாள் போயின. 2010இல் முல்லைத்தீவுக்குத் திரும்பினோம். மூத்தாப்பா நட்ட பலாவைக் காணவில்லை. காணியே காடாகிக் கிடந்தது. காணி அலுவலாகப் போன ஓரிடத்தில் ஓர் இளைஞர் வாப்பாவிடம், "ஐயா, நீங்கள் இஞ்ச எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். வாப்பா அன்று பகல் சாப்பிடவில்லை.

பள்ளிமுனை மரத்தடியில் நாங்கள் இறங்கியபோது அஸர் நேரம். முதலில் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். உயரம் ஏழரை மீற்றர்தான். சுற்றளவோ பத்தொன்பதரை! யானையொன்று குந்தியிருப்பதுபோல் இருந்தது. தமிழ்நாட்டில் இதை ஆனைப்புளி, பப்பரப்புளி என்கிறார்கள். ஆபிரிக்க மரம். அரபு வணிகர் கொண்டுவந்தது, ஒட்டகத்துக்குத் தழையாயிற்று என்பது வழங்கிவரும் பேச்சு. 1477இல் நட்டதாகவும் சொல்வார்கள். உள்ளே வைரம் கிடையாது. பஞ்சுபோன்ற தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கதவுக்கும் ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது. அதனாலேயே தப்பியது என்று எனக்குப் பட்டது. வைரம் பாய்ந்ததெல்லாம் லொறியேறிவிட்டதே.

வகுப்பில் சொல்வதுபோல இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இளையவள் இடைமறித்தாள்.

"அப்ப இது வெளியூர் மரமா வாப்பா? இந்த ஊர் மரம் இல்லையா?"

ஆசிரியர் கலாசாலையில் கேள்வி கேட்கும் உத்தி ஏழெட்டுக் கற்பித்தார்கள். இதற்கு வாய் வரவில்லை. வாப்பாவைப் பார்க்கவும் தயக்கமாக இருந்தது. அவர் எழுந்துபோய் மரத்தில் இரு கைகளையும் விரித்து வைத்தார்.

"வாங்க புள்ள, அளந்து பாப்பம்."

வேன்காரத் தம்பியோடு சேர்த்து ஆறு பேர் கைகோத்தோம். பாதிகூட வரவில்லை. பந்தடித்துக்கொண்டிருந்த பள்ளிமுனைப் பொடியன்கள் எட்டுப் பேர் கேளாமலே ஓடிவந்து கோத்துக்கொண்டார்கள். பதினாலாவது பொடியன் கழுத்தில் சிலுவைச் சங்கிலி தெரிந்தது. வாப்பாவின் மற்றக் கையைப் பிடித்து வட்டத்தை முடித்தவன் அவன்தான். "விடாதீங்க அப்பப்பா, படம் எடுக்கோணும்" என்று கத்தினான். எல்லாருடைய கையும் மரத்தில் இருந்தால் படம் எடுப்பது யார்?

இரவு தாராபுரத்தில் உறவுக்காரர் வளவில் வேனை நிறுத்தினோம். உள்ளே வந்து படுக்கச் சொல்லி மன்றாடினார்கள். பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள், வேனுக்குள்தான் படுக்க வேண்டுமாம். நுளம்பு விடிய விடியத் தின்றது. பதினாலு பேர் கட்டிப்பிடித்த கதையை மச்சானுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். சுபஹுக்குப் பதில் வந்திருந்தது.

"இஞ்ச சுத்திவர வேலி மச்சான். தொட ஏலாது."

வாப்பா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டார்.