காகிதத் தோட்டாவும் ஊவா மழையும்

கருமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. ஈரம் பட்டால் அது வீண். இலங்கையின் ஊவா மலைகளில் உள்ள ஹல்துமுல்லையில் மூடுபனி ஏறும் மாலைகளில், வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இந்த மருந்தை எப்படிக் காத்தார்கள் என்று யோசிப்பேன்.

படைகளுக்குக் காகிதத் தோட்டா இருந்தது. அளந்த மருந்தும் ஈயக் குண்டும் ஒரே காகிதச் சுருளுக்குள். நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை இடித்து இறக்குவார்கள். பின்னர் ரிவால்வர்களுக்கு வெடியுப்பில் ஊறவைத்த மெல்லிய காகிதம் வந்தது. கிழிக்கவே தேவையில்லை, நெருப்பு காகிதத்தையும் சேர்த்தே எரித்துவிடும். அருமையான கைவேலை அது. மறுக்க மாட்டேன்.

ஆனால் இந்தியாவில், இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் வாயால் கடிக்க வேண்டிய என்ஃபீல்ட் துப்பாக்கித் தோட்டாவில் பூசிய கொழுப்பு பசுவுடையது, பன்றியுடையது என்ற பேச்சு 1857இல் கல்கத்தா அருகே டம்டம்மிலிருந்து பரவியது. மார்ச் 29இல் பராக்பூரில் மங்கள் பாண்டே என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எதிராகத் துப்பாக்கியைத் தூக்கினார். கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்று விதியை மாற்றியும் போன நம்பிக்கை வரவில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் கசப்பானது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். குழலின் வாய்வழியே மருந்திடும் அந்தக் காலத்துத் துப்பாக்கியில் மறுபடி மருந்து இடிக்க நேரமெடுக்கும். அதனால் வேட்டைக்காரர் பின்னால், மருந்து இட்ட துப்பாக்கிகளைச் சுமந்தபடி உள்ளூர் ஆட்கள் நடந்தார்கள். யானை திரும்பிப் பாய்ந்தால் அவர்களும்தான் அதன் முன்னே. ரோஜர்ஸுக்கு நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது. அந்த ஆட்களின் பெயர்களை யாராவது தேடி எழுத வேண்டும்.