நலம், நலமறிய ஆவல்

அன்பார்ந்த குடும்பத்தாருக்கு,

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கொள்ளிடக் கரையூர்களில் சம்பாப் பயிர் கதிர் விட்டு நிற்கிறது. பெரம்பலூர்க் கரிசல் காடுகளில் பருத்தி வெடித்து வெண்மை காட்டுகிறது. இல்லங்களில் வைக்கோலும் களிமண்ணும் கொண்டு குடில் எழும்புகிறது. வாசல்தோறும் விண்மீன் விளக்குகள் தொங்குகின்றன. இந்நாள்களில் நம் கைப்பேசிகளில் வாழ்த்துப் படங்கள் மழையெனக் கொட்டுவதையும் காண்கிறோம். ஒரே படம் இருபது பேரிடமிருந்து வருகிறது. நாமும் அதனையே இருபது பேருக்கு அனுப்பிவிடுகிறோம். வாழ்த்தியவரின் இல்லத்தில் இவ்வாண்டு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. நம் இல்லத்தில் நடந்தது அவருக்கும் தெரிவதில்லை.

வாழ்த்து வேண்டா என்று நான் சொல்ல வரவில்லை. 1843ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஹென்றி கோல் என்பார் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டு விற்பனைக்குக் கொணர்ந்தார். அன்று முதல் அவ்வட்டை தொலைவில் வாழ்வோரை நினைவால் இணைத்து வந்திருக்கிறது. பின்னாளில் மேலைநாட்டுக் குடும்பங்கள் பல, ஓராண்டில் தம் இல்லத்தில் நிகழ்ந்தவற்றை ஒரு தாளில் எழுதி, வாழ்த்து அட்டையோடு உற்றார்க்கும் நண்பர்க்கும் அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டன. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களும் இதனைக் கைக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம். இது அந்நிய நாட்டு வழக்கமாயிற்றே என்று சிலர் எண்ணலாம். ஆயினும் ஆண்டுதோறும் மடல் எழுதும் பழக்கம் நம் மண்ணுக்குப் புதியதன்று.

நம் மண்ணின் ஆண்டு மடல்கள்

இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார், உலகின் பல மூலைகளுக்கும் பிரிந்து சென்ற தம் தோழர்கள் ஒரே உள்ளத்தினராய் நிலைத்திருக்க வேண்டுமாயின், அவர்கள் ஒருவருக்கொருவர் தவறாது கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விதித்தார். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்கு அக்கடிதங்கள் எத்துணை அருமையானவை என்பதை ஒரு செய்தியால் அறியலாம். தோழர்கள் தம் கைப்பட எழுதியிருந்த பெயர்களை அவர் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டார். 1546இல் கீழைக் கடல் தீவாகிய அம்போயினாவிலிருந்து எழுதிய மடலில் அவரே இதனைத் தெரிவிக்கிறார். நட்பு என்பது எத்துணைப் புனிதமானது! ஆயிரக்கணக்கான கல் தொலைவில் இருந்தவர், நண்பர்களின் கையெழுத்தையே துணையாகக் கொண்டார்.

1606இல் இராபர்ட் தெ நோபிலி அடிகளார் மதுரையில் பணி தொடங்கிய பின், மதுரை மிஷனின் குருக்கள் உரோமைக்கு ஆண்டு மடல்களை எழுதி வந்தனர். அம்மடல்களில் திருமுழுக்குப் பெற்றோரின் எண்ணிக்கை மட்டுமா இருக்கிறது? பஞ்சம், வெள்ளம், படையெடுப்பு, கொள்ளைநோய், மக்கள் பட்ட பாடு யாவும் இருக்கின்றன. மதுரை நாயக்கர் வரலாற்றை 1924இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்ட சத்தியநாத அய்யர், இம்மடல்களைப் பெரிதும் சான்றாகக் கொண்டார். இன்பத்தை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் அவை யாருக்குச் சான்றாகியிருக்கும்?

அந்த மிஷனின் பணித்தளங்களுள் ஒன்றுதான் நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி. அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் எடுத்து, திருக்காவலூர்க் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்து 1710இல் இந்தியா வந்த அவ்வடிகளார், 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றியபோது, அதற்கு யாரைத் தலைவராக்கினார்? மன்னரையன்று, தச்சுத் தொழில் செய்து ஒரு சிறு குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பரை அன்றோ! உழைப்பாளி ஒருவரின் இல்லத்தில் நடந்தவை காப்பியமாகத் தகும் என்றால், நம் இல்லத்தில் நடந்தவை ஒரு கடிதமாகத் தகாவோ?

நற்செய்தியும் மறைக்கவில்லை

புனித லூக்காஸ் தம் நற்செய்தியைத் தெயோபிலு என்னும் ஒருவரை விளித்தே தொடங்குகிறார். அவ்வகையில் அதுவும் ஒரு மடல் எனலாம். இயேசு பாலனின் பிறப்பைச் சொல்லும்போது, பேரரசர் யார், சிரியாவின் ஆளுநர் யார், எந்தக் கணக்கெடுப்பின் போது அது நிகழ்ந்தது என்று காலத்தைக் குறிக்கிறார். கடவுள் பிறந்தது கற்பனைக் காலத்தில் அன்று. வரியும் அலைச்சலும் நிறைந்த ஓர் உண்மையான ஆண்டில். நிறைமாதக் கர்ப்பிணிக்கு விடுதியில் இடமில்லாததை அவர் மறைக்கவில்லை. தீவனத் தொட்டியில் பிள்ளையைக் கிடத்தியதை எழுத வெட்கப்படவில்லை. ஏரோதின் கொலைவெறியையும், இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய துயரையும் புனித மத்தேயு எழுதிவைத்தார். திருக்குடும்பத்தின் முதல் ஆண்டுகள் இத்தகையவை.

புனித சின்னப்பரும் அவ்வாறே. தாம் பட்ட அடிகளையும் கப்பற்சேதங்களையும் கொரிந்தியருக்குப் பட்டியலிட்டுக் காட்டினார். பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய திருமுகத்தில், அவர்கள் அனுப்பிய தோழர் நோயுற்றுச் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்ததை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். அந்தத் தோழரோ, தம் நோயைப் பற்றி ஊரார் கேள்விப்பட்டுவிட்டார்களே என்று மனம் நொந்துகொண்டிருந்தாராம்! நம் வீட்டுப் பிள்ளைகளின் குணமும் இதுவேயன்றோ?

'நலம்' என்னும் திரை

நம் கடிதங்கள் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவது வழக்கம். அழகிய சொற்றொடர்தான். ஆயினும் அதனையே திரையாகத் தொங்கவிட்டு, அதன் பின்னால் அழுகின்ற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

1990களின் பிற்பகுதியில், நான் குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிளையூர் ஒன்றில் திருவருகைக் காலத்தில் ஒரு தாய் என்னிடம் கடிதம் எழுதித் தரும்படி வந்தார். அவருடைய ஒரே மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தான். அவ்வாண்டு பட்டறையில் போட்டு வைத்த சின்ன வெங்காயம் அழுகிப் போயிருந்தது. கணவருக்குச் சர்க்கரை நோயால் புண் ஆறாமல், ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மகனிடமிருந்து ஐந்து மாதங்களாகப் பணமும் வரவில்லை. 'நலம்' என்று எழுதிய கடிதங்கள் மட்டும் வந்தன.

"நாங்க எல்லாம் நல்லா இருக்கோம்னு மட்டும் எழுதுங்க சாமி. புள்ள அங்க ஒண்டியாக் கெடக்கிறான். தெரிஞ்சா அவனுக்குச் சோறு எறங்குமா?" என்றார் அத்தாய்.

அக்கேள்வி என்னைத் தடுத்து நிறுத்தியது. அது பொய் சொல்லும் ஆசையன்று; பெற்ற வயிற்றின் அன்பு. அன்பினால் மறைப்பதை நான் எவ்வாறு குறை சொல்வேன்? சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அம்மா, அவன் உங்களிடம் தன் துன்பத்தை மறைத்தால் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னர், "எழுதுங்க சாமி. ஆனா, கோயில்ல குடில் போட்டிருக்கு, அவுங்க உட்கார்ந்தபடியே செபமாலை சொல்றாங்கன்னு அதையும் எழுதுங்க" என்றார். இரண்டையும் எழுதினேன்.

ஒரு திங்கள் கழித்துப் பதில் வந்தது. அத்தாய் என்னிடமே கொணர்ந்து படிக்கச் சொன்னார். வேலை கொடுத்தவர்கள் ஐந்து மாதங்களாகச் சம்பளம் தரவில்லை என்றும், ஓர் அறையில் பத்துப் பேராய் இருந்துகொண்டு, இருப்பதைப் பகிர்ந்து உண்பதாகவும், அம்மா கலங்குவார் என்று அஞ்சியே மறைத்ததாகவும் மகன் எழுதியிருந்தான். தந்தையின் செய்தியைப் படித்து அவன் அழுததைக் கண்டு, உடன் தங்கியிருந்த இலப்பைக்குடிக்காட்டு இஸ்லாமிய நண்பர் ஒருவர், அறையில் இருந்தோரிடமெல்லாம் திரட்டி அவனுடைய பயணச்சீட்டுக்கு வழி செய்தாராம். பங்குனியில் அவன் ஊர் வந்து சேர்ந்தான். நாற்பது நாள்கள் தந்தையைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, அருகிலேயே படுத்திருந்தான். நாற்பத்தோராம் நாள் அவரை நாங்கள் நல்லடக்கம் செய்தோம்.

அந்த வெறுங்கை வரவு அக்குடும்பத்தின் கடனைத் தீர்க்கவில்லை. ஆயினும், 'நலம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த நாற்பது நாள்களை யார் அவர்களுக்குத் திருப்பித் தந்திருக்க முடியும்? இம்மானுவேல் என்னும் பெயருக்குக் கடவுள் நம்மோடு என்பது பொருள். நாம் இருக்கும் இடம் எது என்று ஒருவருக்கொருவர் சொல்லாவிட்டால், 'நம்மோடு' என்னும் சொல்லுக்குக் குடும்பத்தில் பொருள் ஏது?

எழுதும் முறை

இவ்வாறு சொல்வதால், எல்லாவற்றையும் எல்லாருக்கும் எழுதுக என்று நான் கூறவில்லை. பிறர் குற்றத்தைப் பரப்புவது மடலாகாது; அது புறங்கூறல். பிள்ளைகளின் மதிப்பெண்களையும் புது வாகனத்தையும் அடுக்குவதும் மடலாகாது, அது விளம்பரம். நம்முடைய சுமையை நாமே சொல்வதும், நமக்குச் செய்யப்பட்ட நன்மையைப் பெயர் சொல்லி நன்றியோடு நினைப்பதுமே ஆண்டு மடலின் இலக்கணம்.

நம் பகுதி கண்ட ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2018இல் படைப்புழு நம் மக்காச்சோளக் காடுகளைத் தின்று தீர்த்தது. 2020 மே திங்களில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களில் பலருக்குக் கொரோனா கண்டு, அரியலூரும் பெரம்பலூரும் அச்சத்தில் உறைந்தன. அவ்வாண்டின் இறுதியில் திருக்குடும்பத் திருவிழாவை ஒட்டி, தங்கள் ஆண்டு மடலை எழுதிக் குடில் முன் வாசிக்கும்படி சில குடும்பங்களைக் கேட்டுக்கொண்டேன். பாகப்பிரிவினைச் சச்சரவால் தம்பி வீட்டோடு பேசாதிருந்த ஒரு மூத்தவர் எழுதத் தொடங்கினார். கொரோனாவால் வீடு அடைக்கப்பட்டிருந்த பதினான்கு நாளும் தங்களுக்குச் சோறு வந்தது யார் வீட்டிலிருந்து என்று எழுதும் இடம் வந்தது. தம்பி மனைவிதான் வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனவர். அதை எழுதாமல் அம்மடலை முடிக்க இயலவில்லை. எழுதிய பின் அதனைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் இருக்கவும் இயலவில்லை. வரப்பு இன்னும் அளந்தபடியேதான் இருக்கிறது. ஆனால், அவ்வாண்டு முதல் இரு வீட்டாரும் ஒரே பந்தியில் கிறிஸ்துமஸ் உணவு அருந்துகிறார்கள்.

ஆகவே, இவ்விழாக் காலத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். தாத்தா பாட்டி முதல் சிறு பிள்ளை வரை குடில் முன் அமருங்கள். ஒவ்வொருவரும் இவ்வாண்டில் தம்மை வருத்திய ஒன்றையும், மகிழ்வித்த ஒன்றையும், தமக்கு உதவிய ஒருவரின் பெயரையும் சொல்லட்டும். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதட்டும். பிறந்த குழந்தை, இறந்த பெரியவர், பொய்த்த மழை, கிடைத்த வேலை, கிடைக்காத வேலை யாவும் அதில் இடம் பெறட்டும். பின்னர், சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைக்கும், வேற்றுச் சமயத்து நண்பருக்கும், பேச்சு நின்றுபோன ஓர் உறவினருக்கும் அதனை அனுப்புங்கள். தாளில் அனுப்பினாலும் சரி, கைப்பேசியில் அனுப்பினாலும் சரி.

டிசம்பர் 31ஆம் நாள் இரவு நன்றி வழிபாட்டில், இவ்வாண்டு நம் பங்கில் திருமுழுக்குப் பெற்றோர், திருமணம் முடித்தோர், இறைவனடி சேர்ந்தோர் ஆகியோரின் கணக்கைப் பதிவேடுகளைப் பார்த்து வாசிப்பது எங்கள் வழக்கம். பங்கின் ஆண்டு மடல் அது. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் உங்கள் இல்லத்து முகம் ஒன்று இருக்கிறது. அந்த முகத்தின் கதையை நீங்கள்தாம் எழுத வேண்டும்.

இடமின்றித் தொழுவத்தில் பிறந்த இயேசு பாலன், உங்கள் ஆண்டின் இன்பத்திலும் துன்பத்திலும் இடம் கொள்வாராக! அடைக்கல அன்னையும் புனித சூசையப்பரும் உங்கள் குடும்பங்களைக் காப்பார்களாக!

நலம் எதுவோ அதை எழுதுங்கள், நலமல்லாததையும் எழுதுங்கள். அறிய ஆவலுடன் இருக்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை