ஓர் ஆர்டரின் பின்னால் ஆறு நாள்

திங்கள்

பனியன் கம்பெனி என்றால் எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. திருப்பூரில் ஓர் ஆர்டர் ஊரையே சுற்றி வருகிறது. நூல் ஒரு கிடங்கில் இறங்கும். நிட்டிங் வேறொருவர் கையில். சாயப்பட்டறை ஊரின் மறுகோடியில். காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடம். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஆகியவைதான் பெரும்பாலும் கம்பெனிக்குள் நடக்கின்றன. நின்ற இடத்திலெல்லாம் ஒரு நோட்டு, ஓர் எக்செல் தாள், ஒரு வாட்ஸ்அப் குழு. இத்தனை பதிவுகளையும் ஒரே கணக்கில் சேர்க்கும் மென்பொருள்தான் ஈஆர்பி.

ஆர்டர் முதலில் மெர்ச்சண்டைசரிடம் வருகிறது. 20,000 டி-சர்ட், ஒன்றுக்கு 200 கிராம் துணி என்று வைத்துக்கொள்வோம். 4,000 கிலோ துணி வேண்டும். நிட்டிங்கிலும் சாயத்திலும் 8 சதவீத எடை போகும் என்றால் எவ்வளவு நூல் வாங்குவது? அவசரத்தில் போடும் கணக்கு, 4,000-உடன் 8 சதவீதத்தைக் கூட்டி 4,320 கிலோ என்கிறது. போன எடையோ நூலின் எடையில் 8 சதவீதம். ஆகவே 4,000-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். சரியான விடை சுமார் 4,348 கிலோ. வித்தியாசம் 28 கிலோதான். ஆனால் கடைசியில் 128 சட்டைக்குத் துணி இருக்காது. அப்போது அதே ஷேடில் சின்ன லாட் ஒன்றைச் சாயம் போட்டுத் தரச்சொல்லி அலைய வேண்டும். ஈஆர்பியில் இந்தச் சூத்திரத்தை ஒருமுறை சரியாக எழுதிவைத்தால் போதும். அடுத்து வரும் ஒவ்வோர் ஆர்டருக்கும் நூல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி வரை எவ்வளவு வேண்டும், கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வாங்க வேண்டும் என்று அதுவே பட்டியல் போடும்.

செவ்வாய்

இன்று ஜாப் ஒர்க், அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்விக்கும் வேலை. துணி வெளியே போகும்போது ஒரு டெலிவரி சலான், திரும்பும்போது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எத்தனை கிலோ குறைகிறது, எத்தனை நாள் ஆகிறது என்பதில்தான் கம்பெனியின் லாபம் இருக்கிறது.

சட்டமும் இங்கே கண்ணை வைத்திருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால், அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். ஐடிசி-04 படிவத்தில் ஒவ்வொரு சலானுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பத்துப் பட்டறைகளில் சிதறிக் கிடக்கும் லாட்டுகளை நோட்டில் துரத்திப் பிடிப்பது ஒருவருக்கு முழுநேர வேலை. சலானை அடித்த கையோடு ஈஆர்பியில் ஏற்றிவிட்டால், எந்த லாட் யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்பது கேட்ட நிமிடத்தில் தெரியும்.

2011 ஜனவரியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பல கம்பெனிகள் துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயம் ஏற்ற வேண்டியதாயிற்று. சரக்கு தொலைவுக்குப் போகப் போக, அது எங்கே நிற்கிறது என்ற தகவலின் மதிப்பு ஏறும்.

புதன்

ஈஆர்பியின் பூர்வீகத்திலும் ஒரு நூல் ஆலை இருக்கிறது. 1972-இல் ஐபிஎம்மை விட்டு வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் வாடிக்கையாளர் ஐசிஐ நிறுவனம். ஓஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் அதற்கு நைலான் இழை ஆலை இருந்தது. சொந்தக் கணினி இல்லாத அந்த ஐவரும் வாடிக்கையாளரின் கணினியிலேயே இரவிலும் வார இறுதியிலும் உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். ஒரு துறை பதிந்த தகவலை எல்லாத் துறைகளும் உடனே பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் பிடித்த நுனி.

பொருள் கணக்கைக் கணினியிடம் கேட்கும் வழக்கம் அதற்கும் முந்தியது. தேவையான பொருள்களைத் திட்டமிடும் எம்ஆர்பி முறையை 1960-களில் ஜோசப் ஓர்லிக்கி உருவாக்கினார். 1964-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அதைப் பயன்படுத்தியது. பொருளோடு பணம், ஆள், இயந்திரம் எல்லாம் சேர்ந்துகொண்ட பிறகு, 1990-இல் கார்ட்னர் நிறுவனம் சூட்டிய பெயர்தான் ஈஆர்பி.

வியாழன்

காஸ்டிங் நாள். பையருக்கு விலை சொல்லும்போது நூல், நிட்டிங், சாயம், தையல், வேஸ்டேஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை போடுகிறார்கள். சரக்கு கப்பல் ஏறி, பில்களெல்லாம் வந்து சேர்ந்த பிறகு கணக்குப் பார்த்தால் நஷ்டம் தெரியும். தெரிந்து என்ன செய்வது? அதே விலையில் அடுத்த ஆர்டரும் கையெழுத்தாகியிருக்கும்.

ஈஆர்பியின் பெரிய பலன் இங்கேதான். நூல் பில் பதிவானதும் சொன்ன விலைக்கும் ஆன செலவுக்கும் உள்ள இடைவெளி திரையில் தெரிகிறது. ஆர்டர் கட்டிங்கில் இருக்கும்போதே முதலாளி பேச வேண்டியவர்களிடம் பேசலாம்; வேஸ்டேஜ் எங்கே கூடியது என்று போய்ப் பார்க்கலாம்.

அக்கவுண்ட்ஸ் அறையிலும் இரட்டை வேலை குறைகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். பேக்கிங் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையே இன்வாய்ஸுக்கும் ஏற்றுமதி ஆவணத்துக்கும் போவதால், ஒரே எண்ணை மூன்று பேர் மூன்று இடத்தில் அடிக்கும்போது வரும் பிழைக்கு இடமில்லை.

வெள்ளி

வாங்கிப் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு உலகறிந்த சாட்சிகள் உண்டு. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 112 மில்லியன் டாலர் செலவில் புதிய அமைப்பை 1999 ஜூலையில் ஓடவிட்டது. ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரம் அது. கிடங்குகளில் மிட்டாய் இருந்தும், சுமார் 100 மில்லியன் டாலர் மதிப்பிலான ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. சீசனில் இடம் போதாமல் தற்காலிகமாகச் சரக்கு அடுக்கிய அறைகள் கணினிக்குச் சொல்லப்படாமல் விடுபட்டதும் ஒரு காரணம். அந்தக் காலாண்டில் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

ஜெர்மனியின் லிடல் கடைத்தொடர், சுமார் 50 கோடி யூரோ செலவழித்த திட்டத்தை 2018-இல் கைவிட்டது. சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடலின் வழக்கம். மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடும்படி அமைந்திருந்தது. வழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள்.

திருப்பூரின் ஏற்றுமதியாளர் இவ்விரண்டையும் தன் கிடங்கில் நின்றபடி படிக்க வேண்டும். மொட்டைமாடிக் கொட்டகையில் கிடக்கும் பழைய ரோல்கள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா? கம்பெனியின் வழக்கங்களில் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது? ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத மாதம் எது? பணம் கட்டுவதற்கு முன்பே பதில் இருக்க வேண்டிய கேள்விகள் இவை.

சனி

திருப்பூரில் சம்பள நாள். கட்டிங் முடிந்த துணி பண்டிலாகக் கட்டப்பட்டுச் சீட்டோடு லைனுக்குப் போகிறது. சீட்டில் பார்கோடு இருந்தால், தோள் மூட்டியவர், கை வைத்தவர், மடித்து அடித்தவர் ஒவ்வொருவரின் பீஸ் கணக்கும் அன்றன்றே ஏறிவிடும். வெட்டியது 20,000, தோள் மூட்டியதற்குக் கூலி கேட்பது 20,300 என்றால் பட்டுவாடாவுக்கு முன்பே தெரியும். தைத்த பீஸ் விடுபட்டுப்போனாலும் அப்படியே தெரியும். தொழிலாளி தன் கணக்கைத் தானே பார்க்க முடிவது மிக நல்ல மாற்றம்; சனிக்கிழமை மாலைச் சச்சரவுகளில் பாதி நோட்டுக் கணக்கில் பிறப்பவை.

சிறிய யூனிட்டுகளுக்கும் வழி இருக்கிறது. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்தமூல மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. செலவெல்லாம் பொருத்துவதற்கும் பயிற்சிக்கும் சர்வருக்கும்தான். எதிலிருந்து தொடங்குவது என்றால், நூல் கிடங்கிலிருந்து. இருப்பை ஒருமுறை எடை போட்டு, கிடங்குப் பொறுப்பாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் வாயில் வரும் பெயர்களிலேயே நூலையும் துணியையும் பதிய வேண்டும். அங்கே கணக்கு நேரான பிறகு ஜாப் ஒர்க், காஸ்டிங், சம்பளம், ஏற்றுமதி ஆவணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க ஓர் அரையாண்டையாவது ஒதுக்குவது நல்லது.